30 நாள் அனுமதியில் வேலைக்குப் போகலாமா?

"இப்போ மலேசியாவுக்கு விசாவே வேண்டாம் தம்பி. டிக்கெட் போட்டு ஏறிட வேண்டியதுதான். போனதும் பெர்மிட் எடுத்துக் குடுத்துருவாங்க." ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் ஏஜென்ட்டுகள் சொல்லும் வசனம் இது. இதில் முதல் வரி உண்மை. அதனால்தான் மற்றதெல்லாம் உண்மை போலவே காதில் விழுகிறது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா போய் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது ஊர் சுற்றவும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் கொடுத்த அனுமதி. பத்துமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். அதே 30 நாளில் கோலாலம்பூரில் ஒரு கடையில் நின்று புரோட்டா போட்டால் முதல் நாளே குற்றம். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். 'நாள் தாண்டினால்தானே தப்பு, அதற்குள் பெர்மிட் வந்துவிடுமே' என்று நினைக்கிறார்கள். எத்தனை நாள் இருந்தாய் என்று மட்டுமல்ல, எதற்காக வந்தாய் என்றும் சட்டம் பார்க்கிறது.

முறையான வழி இதற்கு நேர் எதிர். அங்குள்ள முதலாளி முதலில் தன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அதை வைத்து, கிளம்பும் முன்பே விசா எடுக்க வேண்டும். ஊரில் 'காலிங் விசா' என்று சொல்வது இதைத்தான். அந்தப் பெர்மிட்டும் அந்த ஒரு முதலாளிக்குத்தான் செல்லும். சம்பளம் தரவில்லை என்று பக்கத்துக் கடைக்கு ஓடினால் ஓடியவர்தான் குற்றவாளி. (ஏமாற்றியது முதலாளி, மாட்டுவது தொழிலாளி. அநியாயம்தான், ஆனால் நடைமுறை அப்படி.) பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியே தவறு என்பதும் பலருக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'ஈசிஆர்' வகை. மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வேண்டும். "ஏர்போர்ட்டில் கேட்டால் டூரிஸ்ட் என்று சொல்" என்று ஏஜென்ட் பாடம் நடத்துவது இதைத் தாண்டத்தான். அந்தப் பொய்யைச் சொன்ன நிமிஷத்திலிருந்து, நாளைக்கு ஒன்று என்றால் காப்பாற்ற வேண்டிய அரசின் பதிவேட்டில் அந்தப் பையன் தொழிலாளியே இல்லை.

அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் அபராதம், அல்லது 5 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். பிறகு நாடு கடத்தல், பிளாக்லிஸ்ட். 'புது பாஸ்போர்ட் எடுத்துப் போய்விடலாம்' என்ற பழைய தந்திரத்தையும் நம்ப முடியாது. 2011 முதல் வெளிநாட்டுக்காரர்களிடம் அங்கே கைரேகை எடுக்கிறார்கள். பாஸ்போர்ட் நம்பரை மாற்றலாம், விரலை?

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இது தேறாது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க 1,20,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் மாதம் 3,600. பிடிபட்டுத் தடுப்பு முகாமில் உட்கார்ந்திருக்கும் மாதங்களிலும் அந்த வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கட்டப்போவது ஊரில் இருக்கும் அம்மாவோ மனைவியோ. ஏஜென்ட்டுக்கு மட்டும் நஷ்டமே கிடையாது, விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் லாபத்தை எடுத்துவிட்டார்.

'பொது மன்னிப்பு வரும், அப்போது பார்த்துக்கலாம்' என்று ஒரு ஆறுதல் வேறு. 2024இல் மார்ச் முதல் டிசம்பர் வரை வந்தது உண்மைதான். 500 ரிங்கிட் கட்டிவிட்டுச் சிறைக்குப் போகாமல் ஊர் திரும்பலாம் என்றார்கள். திரும்பலாம், அவ்வளவுதான். அங்கேயே தங்கிச் சம்பாதிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

'தெரிந்தேதானே போகிறான், அனுபவிக்கட்டும்' என்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு ஏஜென்ட்டுக்குத்தான் வசதி. வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு வேண்டும். பதிவு செய்தவர்களின் பெயர்கள் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் இருக்கின்றன. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். முன்பணம் கொடுக்கும் முன் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், கொடுத்த பணத்துக்கு ரசீதும் கேளுங்கள். "தம்பி, நம்மகிட்ட அதெல்லாம் எதுக்கு" என்று பதில் வந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.