கத்திரி வெயிலில் ஒரு விருந்தாளி

கடல் கடந்து வாழும் நண்பர்கள் ஊருக்கு வருவது வெயிலில்தான். அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளி அப்போதுதான் மூடுகிறது. அமெரிக்காவில் மே கடைசியிலோ ஜூனிலோ விடுமுறை தொடங்கும். சிங்கப்பூரிலும் ஜூனில் பள்ளிக்கு விடுமுறை. வந்து இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் ஊர்களில் ஒன்று திருப்பதி. சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம் என்பதால் யாரும் யோசிப்பதில்லை. காலையில் கிளம்புகிறார்கள், நடுப்பகலில் போய்ச் சேருகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருப்பதி நகரம் மலையின் மடியில் கிடக்கிறது. பாறை மலை பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடாமல் கக்கும். மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே வழக்கமான செய்தி. 850 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் திருமலை கீழ் நகரத்தைவிடக் குளிர்ச்சிதான். ஆனால், செருப்பைக் கழற்றிவிட்டு மாட வீதியில் மதியம் ஒரு மணிக்குக் கால் வைத்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தேவஸ்தானம் கோடைதோறும் வீதியில் வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடிக்கிறது, பாய் விரிக்கிறது, தண்ணீர் தெளிக்கிறது. இருந்தாலும் ஷூ போட்டே வளர்ந்த பாதம் பத்து அடி தாங்காது.

வெயிலைவிட நண்பரை அதிகம் சோதிப்பது வரிசை. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம், தெலங்கானா என எல்லா மாநிலங்களிலும் பள்ளி விடுமுறை ஒன்றாக விழும் காலம் அது. டிக்கெட் இல்லாத சர்வ தரிசனத்துக்குக் காத்திருப்பு சில நாட்களில் 20 மணி நேரத்தையும் தாண்டுகிறது. 300 ரூபாய் சிறப்பு நுழைவு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிச் செல்லத் தனி ஏற்பாடு உண்டு. அதன் விதிகளை விமானம் ஏறும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. இந்து அல்லாத நண்பர் என்றால், இறைவன்மீது நம்பிக்கை கொண்டு வருகிறேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம்கூட அதில் கையெழுத்திட்ட பிறகே உள்ளே சென்றார். வேட்டி அல்லது பைஜாமா, புடவை அல்லது சுடிதார் என்ற உடை விதியும் உண்டு. பிளாஸ்டிக் பாட்டில் மேலே போகாது, கண்ணாடி பாட்டில்தான். இதையெல்லாம் சொல்லாமல் அரைக்கால் சட்டையோடு நண்பரை அழைத்துப் போய், வாசலில் அவர் விழிப்பதைப் பார்த்து நிற்பது விருந்தோம்பல் ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் அகமகிழ்ந்து பேசும் இடம் ஒன்று அதே மலையில் இருக்கிறது. தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில், ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடும் அந்த அரை மணி நேரம்! சாதி, காசு, நாடு எதுவும் கேட்காத இலவசப் பந்தி அது. என்.டி. ராமராவ் முதல்வராக இருந்த 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்றைய பெரிய கூடம் வரை வளர்ந்திருக்கிறது. பல மணி நேர வரிசையின் களைப்பு அங்கே போய்விடுகிறது.

நடந்து ஏற ஆசைப்படும் நண்பர்களும் உண்டு. அலிபிரி வழி 3,550 படிகள். பெரும்பகுதிக்குக் கூரை இருப்பதால் வெயில் நேராகத் தாக்காது. சந்திரகிரி பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு 2,388 படிகள், குறுகியது, செங்குத்தானது. எந்த வழியானாலும் விடியற்காலையில் ஏறிவிட வேண்டும். இருட்டில் ஏறினால் குளிர்ச்சியாக இருக்கும் என்று கணக்குப் போடுவது ஆபத்து. 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகு குழந்தைகள் பிற்பகல் 2 மணிக்கு மேல் ஏறக் கட்டுப்பாடு வந்தது. நடப்பவர்கள் கையில் கம்பு கொடுத்தார்கள். சேஷாசலம் காடு, அதை மறக்கக் கூடாது.

இத்தனை சங்கடமும் இருக்க, “கோடையில் வேண்டாம், டிசம்பரில் வாருங்கள்” என்று சொல்லிவிடலாம் அல்லவா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி அறிவுரைதான். இந்தச் சீமையின் சில அருமைகள் வெயில் காலத்தில் மட்டுமே கிடைக்கும். அவற்றில் தலையாயது திருப்பதி நகரத்தில் நடக்கும் அம்மன் திருவிழாவான தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய் இரவு ‘சாட்டிம்பு’ நடக்கிறது. நம் பக்கத்துக் கோயில்களில் திருவிழாச் சாற்றுவது போலத்தான். சாட்டிம்பு ஆன பிறகு ஊரில் இருப்பவர் ஜாத்திரை முடியும்வரை ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது மரபு. ஒரு வாரம் திருப்பதியின் தெருக்கள் மலைக்குப் போகிறவர்களை மறந்து தங்களுக்காக வாழ்கின்றன. பெண்களுக்குக் கேடு செய்து திரிந்த ஒரு பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா வேஷம் மாற்றி மாற்றி ஊரைச் சுற்றினாள். கடைசியில் அவள் துரை வேஷத்தில் வந்தபோது அவன் வெளிப்பட, தலையைக் கொய்தாள் என்பது கதை. அந்த வேஷங்களைக் கைகால குடும்பத்து ஆண்கள் நாளுக்கு ஒன்றாகக் கட்டி வீடு வீடாக வருகிறார்கள்: பைராகி, பண்ட, தோட்டி, துரை, மாதங்கி. ஊர் ஆண்களும் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் புடவையில் ஆடியது இந்த ஜாத்திரையின் சாயலில்தான். திருமலை இறைவன் மலையப்பனின் தங்கை கங்கம்மா என்பது ஐதீகம். அதனால் ஜாத்திரைக்குத் திருமலையிலிருந்து சீர் வருகிறது.

கடைசி இரவில் கோயில் முன் களிமண்ணால் அம்மனின் விஸ்வரூபம் எழும்பும். விடிவதற்குள் அதைக் கலைத்து விடுவார்கள். அந்த மண்ணில் ஒரு துளிக்காகக் கூட்டம் முண்டும். நோய் தீர்க்கும் மருந்தென்று வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வெக்கை நோய்கள் பெருகும் பருவத்தில் அம்மனின் உக்கிரத்தைத் தணிக்கக் கூழும் பொங்கலும் வேப்பிலையும் வைத்துக் கொண்டாடும் விழா இது. தமிழ்நாட்டில் ஆடியில் ஊற்றும் கூழ் இங்கே மே மாதத்திலேயே வந்துவிடுகிறது. வெயில் இல்லாமல் இந்த விழாவுக்குப் பொருளே இல்லை.

வெளிநாட்டு நண்பர்கள் இதைத் தாங்குவார்களா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். 1992 ஜாத்திரைக்குத் தெலுங்கு அறிஞர் வெல்சேரு நாராயண ராவ், ஜெருசலேமிலிருந்து டேவிட் ஷுல்மன், டான் ஹேண்டல்மன், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் ஆகியோர் திருப்பதிக்கு வந்தார்கள். நண்பர்களின் அழைப்பில் வந்த ஃப்ளூக்கிகருக்கு அந்த ஊர் மனதைவிட்டுப் போகவில்லை. பிறகு மாதக்கணக்கில் தங்கி, வேஷம் கட்டும் குடும்பங்களோடும் அம்மனுக்குத் தாலி கட்டிக்கொண்ட பெண்களோடும் பழகி, 2013இல் ஒரு முழு நூல் வெளியிட்டார். ஆணெல்லாம் பெண்ணாகி, ஊரே பெண்ணாகும் அந்த வாரத்தைப் பற்றிய நூல் அது. ஷுல்மனோ ராஜமகேந்திரவரத்தில் தங்கிய மாதங்களை வைத்து, வசந்தத்தில் தொடங்கி வெயில் வழியாக மழையில் முடியும் ஒரு நாட்குறிப்பையே எழுதினார். வெயிலை அனுபவமாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு இவர்களைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஜாத்திரைக்கு வெளியே உள்ள பகல்களை எப்படிக் கழிப்பது? பத்து மணிக்குள் ஊர் சுற்றி முடித்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். நடுவில் மோரும் தூக்கமும். காளஹஸ்தியில் கலம்காரி கலைஞர்களின் வீட்டுக்குக் காலையில் போகலாம். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்துக் காயப்போட்டு, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிப் புளித்த கருநீரில் மூங்கில் பேனாவைத் தொட்டுக் கோடு இழுக்கிறார்கள். ஒவ்வொரு சாயத்துக்கும் அலசல், உலர்த்தல் என்று வெயிலையே வேலைக்காரனாக வைத்திருக்கும் தொழில் இது. அங்கிருந்து குடிமல்லம் தொலைவில்லை. கையில் ஆட்டுக்கடாவும் கலசமும் ஏந்திய உருவம் முன்பக்கத்தில் செதுக்கப்பட்ட அந்த லிங்கத்தைக் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது என்று அறிஞர் பலர் கணிக்கிறார்கள். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் கருவறை கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். கூட்டமும் இல்லை. திருமலைக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்க்காதது பெரிய குறை.

தலக்கோனா அருவி மாநிலத்திலேயே உயரமானது என்றாலும் மே மாதத்தில் நீர் மெலிந்துவிடும். மதனப்பள்ளி அருகே உள்ள ஹார்ஸ்லி மலை 1,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஒரு இரவு தங்கத் தகும்.

சித்தூர்ப் பக்கம் வந்தால் மாம்பழம். மே, ஜூன் மாதங்களில் தாமலசெருவு சந்தையில் பழம் மலையாய்க் குவியும். சித்தூர் மாவட்டத்தின் கிளிமூக்கு, தோதாபுரி என்ற பெயரில் கூழாகி உலகெங்கும் போகிறது. வெளிநாட்டு நண்பர் தம் ஊர்க் கடையில் வாங்கும் மாம்பழச் சாற்றில் சித்தூர் பழம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை அவருக்குச் சொன்னால் முகம் மலரும். கூடவே மறுபக்கத்தையும் காட்ட வேண்டும். 2025இல் விலை சரிந்து, ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாட்கணக்கில் நின்றன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது. இனிப்பு விளைவித்தவர்கள் வெயிலில் வரிசையில் நின்ற கோடை அது. மாந்தோப்பு ஓரத்தில் நிற்கும் விவசாயியிடம் நேராகப் பழம் வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.

மே மாதம் வருகிறேன் என்று நண்பர் எழுதினால், தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். சாட்டிம்பு எந்தச் செவ்வாய் என்று முதலில் விசாரியுங்கள். அதற்குப் பிறகு விமான டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.