இன்ஜினை இறக்கும் முன்

1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைக் கொண்டு வந்தபோது, அந்த நீண்ட பானெட்டுக்குள் இருந்தது அம்பாசிடரின் அதே 1489 சிசி இன்ஜின். பிரிட்டனில் வாக்ஸால் விஎக்ஸ் என்ற பெயரில் 1.8, 2.3 லிட்டர் இன்ஜின்களோடு ஓடிய உடம்பு அது. அதை ஐம்பது குதிரைத்திறனை வைத்து இழுக்கச் சொன்னால் எப்படி இழுக்கும்? பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜினைப் போட்டார்கள். வண்டி அப்போதுதான் தன் உடம்புக்கேற்ற ஓட்டம் ஓடியது. பெரிய இன்ஜின் போடுவதே பாவம் என்று நினைக்கிறவன் இல்லை நான். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகனிடம் இருப்பது 1972-இல் பதிவான அம்பாசிடர், மார்க் 2. என் அப்பா வாங்கிய வண்டி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே முக்குகிறது, பஸ்ஸைக்கூடத் தாண்ட முடியவில்லை என்று வந்தான். "மாமா, இந்த இன்ஜின எறக்கிப்போட்டு இசுசு போட்டரலாங்களா?" கேட்டதில் தப்பில்லை. தொண்ணூறுகளில் கம்பெனியே அம்பாசிடருக்குள் அந்த 1817 சிசி இன்ஜினை ஐந்து கியரோடு வைத்து விற்றிருக்கிறது. எழுபத்தைந்து குதிரைத்திறன். பொருந்துமா என்ற சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இன்ஜினை இறக்கும் முன், இருக்கிற இன்ஜின் தன் பழைய பலத்தோடுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பொள்ளாச்சியில் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். மெக்கானிக் அண்ணன் முதலில் பானெட்டைத் திறந்து வைத்து, இவனை ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னார். பெடல் தரையைத் தொட்டது. கார்புரேட்டருக்குள் இருக்கும் தகடோ முக்கால்வாசிதான் திறந்தது. லிங்க் ராடு தேய்ந்து ஆட்டம் கொடுத்திருக்கிறது. இத்தனை நாளும் முழு பலத்தை யாரும் கேட்கவே இல்லை!

அடுத்து நான்கு பிளக்குகளையும் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜை வைத்தார். மூன்று சிலிண்டர்களில் முள் 120-ஐ ஒட்டி நின்றது. நான்காவதில் 80-ஐத் தாண்டவில்லை. அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி சுற்றியதும் முள் மேலே ஏறியது. ஆயில் போய் இடைவெளியை அடைத்ததால் காற்று தப்பவில்லை. அப்படியானால் கோளாறு வால்வில் இல்லை, ரிங்கிலும் போரிலும். "இன்ஜின் சாகலீங்க தம்பி, ரிங்கு தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினால் உள்ளே வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் துருவில் ஒட்டிக் கிடந்தன. நம் ஊரில் "இழுக்கலை" என்று கைவிடப்பட்ட பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்பது என் திடமான எண்ணம்.

பையன் விடவில்லை. "எல்லாம் சரி பண்ணாலும் அம்பதுதானுங்களே மாமா?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் எம்ஜி கார்களின் கதையில் இருக்கிறது. நம் அம்பாசிடர் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியுடைய பி-சீரிஸ் குடும்பம். அதே 1489 சிசிதான் 1955-இல் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் வந்தது. 1798 சிசியாக வளர்ந்து எம்ஜிபியில் உட்கார்ந்தது. 1967-இல் அந்த எம்ஜிபி உடம்புக்குள் 2912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினை வைத்து எம்ஜிசி என்று விட்டார்கள். இடம் போதாமல் பானெட்டில் புடைப்பு வைத்தார்கள், முன் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். வளைவில் மூக்கு கனத்து வெளியே தள்ளுகிறது என்ற பேர்தான் மிஞ்சியது. 1969-லேயே நிறுத்திவிட்டார்கள். 1973-இல் அதே உடம்பில் ரோவரின் 3528 சிசி வி8 வந்தது. கொள்ளளவில் இன்னும் பெரியது. ஆனால் அலுமினியம். பழைய நாலு சிலிண்டர் இரும்பு இன்ஜினோடு பார்த்தால் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த வண்டியை இன்றும் கொண்டாடுகிறார்கள். சிசியைக் கேட்பதற்கு முன் எடையைக் கேட்க வேண்டும், அந்த எடை எந்தச் சக்கரத்தின் மேல் விழுகிறது என்றும் கேட்க வேண்டும்.

அம்பாசிடரில் எடையைவிட என்னைப் பயமுறுத்துவது பிரேக். மார்க் 2-இல் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். எண்பதில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட நூறில் போகும் அதே வண்டியை நிறுத்த, பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். வால்பாறையிலிருந்து இறங்கும்போது டிரம் சூடேறிப் பெடல் வெற்றாக அமுங்குவதை ஒரு தடவை அனுபவித்தவர்கள் குதிரைத்திறனைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் பேச மாட்டார்கள். மலை ஏறுவதற்கும் உச்ச வேகம் தேவையில்லை. 73 மில்லிமீட்டர் போருக்கு 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ற நீளமான கணக்கில் செய்த இன்ஜின் அது. குறைந்த சுற்றிலேயே இழுப்பதற்கென்று செய்தது. ரிங் நன்றாக இருந்தால் அந்த வளைவுகளை அது ஏறும், என் அப்பா ஏற்றியிருக்கிறார்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் நம்பரும் சிசியும் ஆர்.சி.யில் இருப்பவை. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் அந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார். இன்னொன்று, 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் எண்ணில் பதியலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது, அதனால் இவனுக்கு இப்போது அது வேண்டாம். நாளைக்கு வேண்டியிருந்தால்? இன்று மாற்றினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இவனிடம் தொண்ணூறுகளின் வண்டி இருந்து, கம்பெனி போட்ட இசுசுவையே புதுப்பிப்பதாக இருந்தால் நானே பட்டறையில் கூட நின்றிருப்பேன். இந்த வண்டியில் ஸ்டியரிங்கோடு இருக்கும் கியர் லீவரைக் கழற்றி, ஃப்ளோர் கியருக்காகத் தரையை வெட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அவனிடம் அப்படியே சொன்னேன். பிளாக் இப்போது கோயம்புத்தூரில் லேத்துக்குப் போயிருக்கிறது, ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர் செய்ய. வருவதற்குள் வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றுக்கும் புது கிட் போட்டு, டிரம்களைக் கடைந்து, புது பிரேக் ஷூ மாட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். ரீபோர் ஆன இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் அவன் நிதானமாக ஓட்ட வேண்டும். அதுவரை வால்பாறை கிடையாது.