குறி தவறும் இடம்

"மாமா, மொத்தம் பதினேழு ஓட்டை. அப்பா ஒவ்வொன்னா எண்ணிட்டாரு."

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்ததும் வந்த அழைப்பு இது. கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகன். இரண்டாம் படிவ மாணவன். 2025 ஜனவரியில் லூக் லிட்லர் என்ற ஆங்கிலேயப் பையன் 17 வயதில் டார்ட் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து இவனுக்கும் அந்தக் கிறுக்கு. பிறந்தநாளுக்கு டார்ட் பலகை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நான்தான். வரவேற்பறையில் ஓர் ஆணியை அடித்து மாட்டிவிட்டான். தீபாவளிக்குப் புதிதாகச் சாயம் பூசிய சுவர் அது. இப்போது பலகை ஸ்டோர் அறையில். அப்பாவும் மகனும் பேசிக்கொண்டு நான்கு நாளாகிறது.

அத்தானுக்கு விளையாட்டு பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவர் வேலை செய்யும் அரசாங்க அலுவலகத்தின் விளையாட்டு விழாவில் கேரமும் டார்ட்டும் கட்டாயம் இருக்கும். "குறி பார்த்து எறியத் தெரியாதவனுக்கு எதுக்கு டார்ட்?" என்பதுதான் அவர் கேள்வி. எறியாமல் குறி எப்படி வரும் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா வீட்டில் சோறு சாப்பிடுகிறவன் நான்.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து, கொமுட்டர் ஏறி கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். சுவருக்கு ஒரு கவசம் செய்வது என்று முடிவு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பலகை பெட்டிக்குள் தூங்கினால், நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் சுவர். வரிசை வீட்டில் பக்கவாட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். இங்கே 'டொக்' என்றால் அங்கே தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். பையன் ஆணி அடித்தது அந்தச் சுவரில்தான். அதை விட்டு, மாடிப்படியை ஒட்டிய உள்சுவரைத் தேர்ந்தெடுத்தோம். எறிகிறவருக்கும் பலகைக்கும் நடுவில் யாரும் நடந்து போகக்கூடாது. கதவுக்குப் பக்கமும் வேண்டாம். மின்விசைப் பொத்தானுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள், உள்ளே கம்பி ஓடும்.

அடுத்து, எதை வைத்துத் தடுப்பது? வெறும் பிளைவுட் போட்டால் டார்ட் கூர் மழுங்கும், சில நேரம் முகத்தை நோக்கித் திரும்பியும் வரும். மெல்லிய நுரைப்பாயை மட்டும் ஒட்டினால் எஃகு முனை அதைத் துளைத்துச் சுவரைத் தொட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். நுரை டார்ட்டைப் பிடித்துக்கொள்ளும், பிளைவுட் அதை நிறுத்தும்.

பிளைவுட் 4 அடிக்கு 8 அடி அளவில் வரும். ஹார்ட்வேர் கடையிலேயே பாதியாக அறுத்துத் தரச் சொன்னோம். 12 மில்லிமீட்டர் தடிமன் போதும். அதன்மேல் உடற்பயிற்சிக்கு விரிக்கும் தடித்த நுரைப்பாய், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வகை. 60 சென்டிமீட்டர் துண்டுகள் நான்கை ஒட்டினால் பலகை முழுக்க மூடிவிடும். நாங்கள் வாங்கியது இரண்டரை சென்டிமீட்டர் தடிமன். டார்ட் பலகையைத் தாங்கும் கொக்கி வரும் இடத்தில் மட்டும் நுரையை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் ஒரு மரத்துண்டை வைத்து முடுக்கினோம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 ரிங்கிட் ஆனது.

உயரத்தில் கவனம் தேவை. டார்ட் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 173 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கவசத்தின் நடுவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக எறிகிறவர்களின் டார்ட் பெரும்பாலும் கீழேதான் இறங்கும். அதனால் கவசத்தை இறக்கி மாட்டினோம். டார்ட் பலகைக்கு மேலே ஒரு சாண், கீழே இரண்டு சாணுக்கு மேல்.

எனக்கு மைக் பிடிக்கத் தெரியும், டிரில் பிடிக்கத் தெரியாது. செங்கல் சுவரில் துளை போட்டு, வால் பிளக் இறக்கி, திருகாணி முடுக்க வேண்டும். நான் தடுமாறுவதை நாளிதழுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தான், எழுந்து வந்து டிரில்லை வாங்கிக்கொண்டார். ஈரம் தங்காமலும் சத்தம் குறையவும் சுவருக்கும் பிளைவுட்டுக்கும் இடையே ரப்பர் பட்டை வைக்கச் சொன்னதும் அவர்தான்.

"மேல தூக்கு."

"போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம்."

நான்கு நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இதுதான். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் கலக்கப் போனாள்.

எறியும் கோட்டை அளப்பதில் பலர் ஏமாறுவார்கள். 237 சென்டிமீட்டர் என்பது சுவரிலிருந்து அல்ல, டார்ட் பலகையின் முகப்பிலிருந்து. கவசம் போட்ட பிறகு எங்கள் பலகையின் முகப்பு சுவரிலிருந்து ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் முன்னே வந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்த்துக் கோடு போட்டோம். தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பு. நம் வீடுகளில் தரை ஓடு, காலோ வெறுங்கால். கம்பியில் பட்டுத் தெறிக்கும் டார்ட் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. விளையாடும்போது மட்டும் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட அக்கா அனுமதி கொடுத்திருக்கிறாள்.

வாடகை வீட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் முன்பணத்தை நினைத்துக்கொண்டு சுவரைத் தொடாமல் இருப்பதே நல்லது. இதே கவசத்தைக் கனமான அடித்தளம் உள்ள மரச்சட்டத்தில் பொருத்தித் தரையில் நிறுத்தலாம். அடுக்குமாடியில் இரவு நேரத்து ஆட்டமும் வேண்டாம். பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்பது 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளிலேயே இருக்கிறது.

டார்ட் பலகையில் 20-க்கு இரு பக்கமும் என்ன எண்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் 5. கொஞ்சம் பிசகினாலும் தண்டனை அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சுவருக்காகவும் ஒரு பிள்ளை திட்டு வாங்க வேண்டுமா என்பதுதான் அன்று முழுக்க என் மனத்தில் ஓடியது. 150 ரிங்கிட்டை முதல் நாளே நான் செலவழித்திருந்தால் அந்த நான்கு நாள் மௌனமே இருந்திருக்காது. பலகை வாங்கிக் கொடுக்கும் மாமாக்களும் அத்தைகளும் கவசத்தையும் சேர்த்தே வாங்கிக் கொடுங்கள்.

பழைய சுவரின் பதினேழு ஓட்டைகளையும் மகனே அடைத்துச் சாயம் பூச வேண்டும் என்றார் அத்தான். பூசிவிட்டான். நிறம் கொஞ்சம் வேறுதான்.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். நுரைப்பாயில் ஏகப்பட்ட துளைகள். பெரும்பாலானவை டார்ட் பலகையைச் சுற்றியே. ஒன்று மட்டும் தன்னந்தனியாக, கீழே இடது மூலையின் விளிம்பில்.

"இது யாருடா?" என்றேன்.

பையன் வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். அத்தான் நாளிதழை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். இந்த முறை யாரும் எண்ணவில்லை.