சமன்பாதைக்கு ஒரு வெள்ளி

தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்கா 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரால் உருவாக்கப்பெற்றது. பள்ளிச் சுற்றுலா செல்லும் சிறார் அதன் நிழலை நன்கறிவர். எனினும், தார்ச்சாலையை விட்டு மலைமீதேறும் காட்டுப்பாதையில் கால்வைத்ததும் படியும் வேரும் கல்லும் எதிர்ப்படுகின்றன. சக்கர நாற்காலியில் வரும் மாணவனின் உலா அவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது. முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டி முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும், நீரிழிவால் காலை இழந்த பெரியவருக்கும் அதே நிலைதான். மரங்களுக்கிடையே வாழ்நாளைக் கழித்தவர்கள், ஓய்ந்த காலத்தில் ஒரு மரநிழலில் உலவ இயலாமற்போவது முறையாகுமா?

அவர்களும் செல்லத்தக்க பாதைகளை அமைக்கப் பொதுமக்களாகிய நாமும் நிதி திரட்ட வேண்டும் என்பது என் கருத்து. "உடற்பேறு குறைந்தோருக்கென 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றதே, அரசாங்கமே செய்யட்டும்" என்பார் உளர். பொது வசதிகளையும் பொழுதுபோக்கையும் அவர்கள் பிறரோடு சமமாகப் பெறுவதற்கு அச்சட்டம் இடமளிப்பது உண்மையே. ஆயினும், கேட்பாரில்லாவிடில் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும். ஒரு வெள்ளி கொடுத்தவனோ, "பாதை எப்பொழுது முடியும்?" என்று உரிமையோடு கேட்பான்.

இது நமக்குப் புதிதன்று. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' எனும் நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்ந்தன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தியே பங்கு வாங்கினர். கணக்கு நேராக இருந்தால் ஏழையும் கொடுப்பான்.

சேர்ந்த பணத்தில் அலங்கார வளைவும் பெயர்க்கல்லும் எழுப்புவதை நான் ஏற்கமாட்டேன். மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலி ஓரடி உயரம் ஏறுவதற்குச் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருத்தல் வேண்டும். பத்தடி மேட்டிற்கு 120 அடி! இடையிடையே இளைப்பாறச் சமதளமும், இருபுறமும் கைப்பிடியும் தேவை. பணம் அங்கேதான் செல்லவேண்டும்.

பராமரிப்பையும் மறத்தலாகாது. சென்னை மெரினா கடற்கரையில் 263 மீட்டர் நீள மரப்பாதை, 1 கோடியே 14 இலட்சம் ரூபாய்ச் செலவில், 2022 நவம்பர் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வந்தோர் பலர் முதன்முறையாக அலையருகே சென்று மகிழ்ந்தனர். இரண்டு வாரம் நிறையுமுன் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தெறிந்தது, பின்னர்ச் செப்பனிட்டனர். நம் பினாங்கிலும் 2017 நவம்பர்ப் பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்ததை நாம் கண்டோமன்றோ? ஆதலால், திரட்டும் நிதியில் மூன்றிலொரு பங்கையேனும் பழுதுபார்க்கவென ஒதுக்கி வைத்தல் நலம்.

வேலை தொடங்குமுன், பாதையின் அகலம் எவ்வளவு, கைப்பிடி எவ்வளவு உயரம் என்பவற்றைச் சக்கர நாற்காலியில் செல்பவரிடமே முதலில் கேட்டறிய வேண்டும். சிமெண்டு குழைப்பது அதன் பிறகே.