பால்கோவா ஊரில் பால் இல்லாத மிட்டாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள். அடுத்த மூச்சில் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அதில் யாருக்கும் பொறாமை இல்லை. ஆனால் அந்த ஊரிலோ, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ராஜபாளையத்திலோ பால் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், திருவிழாவுக்குத் திருவிழா அதற்குத் திண்டாட்டம்தான்.

ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு வருகிற சொந்தக்காரர் எல்லார் கையிலும் ஒரு டப்பா இருக்கும். "பிள்ளைக்குப் பால் சேராது ஆச்சி" என்று அம்மா சொல்லிப் பார்ப்பாள். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது தாயி? ஒரு துண்டு தின்னா ஒண்ணும் செய்யாது" என்று ஆச்சி வாயில் திணித்துவிட்டுத்தான் உட்காருவாள். பாசம்தான், சந்தேகமில்லை. ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது யார்?

இதில் இரண்டு விஷயங்களை எல்லோரும் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதது. வளர்ந்தவர்களில் உலகம் முழுக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அதைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. வயிறு உப்பும், கலங்கும், அவ்வளவுதான். இன்னொன்று ஒவ்வாமை. பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுவது. உடம்பெல்லாம் தடிக்கும், சில பிள்ளைகளுக்கு மூச்சே அடைக்கும். "ஒரு துண்டு" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சினால் இதெல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. போகாது. தண்ணீர்தான் ஆவியாகிறது, மற்றதெல்லாம் இன்னும் கெட்டியாகச் சட்டியிலேயே இருக்கிறது.

ஆச்சியாவது பாசத்தில் செய்கிறாள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, பால் இல்லாத பண்டம் என்றதும் இங்கிலீஷ் சமையல் குறிப்பைத் தேடி ஓடுகிறவர்கள். பாதாம் பால் வாங்கு, சோயா பால் வாங்கு, அமெரிக்கச் சந்தைகளில் விற்கிற ஃபனல் கேக்கைப் பால் இல்லாமல் சுடு என்று பட்டியல் நீள்கிறது. அந்த ஃபனல் கேக் என்னவென்று பார்த்தால், மாவைப் புனல் வழியாகக் கொதிக்கிற எண்ணெயில் சுற்றிச் சுற்றி ஊற்றி எடுத்து, மேலே சர்க்கரையைத் தூவுகிறார்கள். அட, நம்ம ஊர் சீனி மிட்டாய்க்குப் பேன்ட் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறதே! :-)

கருப்பட்டி மிட்டாய், சீனி மிட்டாய், ஏணிப்படி மிட்டாய், சீரணி... ஊருக்கு ஒரு பெயர். விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் கொடைக்கோ பொங்கலுக்கோ போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, உளுந்து, எண்ணெய், கருப்பட்டி. இதில் பால் எங்கே வருகிறது? யாரும் பாலை எடுத்துவிடவில்லை, முதலிலிருந்தே கிடையாது. அதிரசமும் அப்படித்தான், சுழியனும் அப்படித்தான். கைவசம் இதெல்லாம் இருக்கும்போது பால் சேராத பிள்ளையைப் பாவமாகப் பார்ப்பதற்கு ஒரே காரணம் வறட்டுக் கௌரவம். நெய்யில் செய்தால் உசத்தி, எண்ணெய்ப் பலகாரம் மட்டம் என்று மிட்டாய்க்கும் ஜாதி பிரித்து வைத்திருக்கிறோம். எண்ணெயைவிட நெய் எத்தனை மடங்கு விலை என்று கணக்குப் பார்த்தாலே, மலிவு விலை "நெய் மிட்டாய்" எதில் பொரிந்திருக்கும் என்பது தெரிந்துவிடும்.

அப்படியானால் தேரடிக் கடையிலேயே வாங்கிக் கொடுத்துவிடலாமே? கூடாது. பாக்கெட்டில் அடைத்து விற்றால் பால் சேர்த்திருப்பதை எழுதியாக வேண்டும். (பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள், அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது, பாலும் அதில் அடக்கம்.) தட்டில் குவித்து வைத்திருக்கும் மிட்டாய்க்கு எந்தச் சீட்டும் கிடையாது. அதே சட்டியில் முன்னால் என்ன பொரிந்தது, அதே கரண்டி எதில் புரண்டது என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வீட்டில் செய்வதுதான் நிச்சயம்.

செய்வதொன்றும் கம்பசூத்திரமில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, மூன்று மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக ஆட்ட வேண்டும். புளிக்க வைக்கக் கூடாது, புளித்தால் எண்ணெய் குடிக்கும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சோடா உப்பு. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். பிறகு சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பாகு காய்ச்ச வேண்டும். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி வந்துவிடக் கூடாது. பாகு முற்றினால் மிட்டாய்க்குள் இறங்காமல் மேலேயே உறைந்துவிடும், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். மாவைப் பிழிந்து, மிதமான தீயில் மொறுமொறுவென்று பொரித்து, சூட்டோடு சூடாக வெதுவெதுப்பான பாகில் ஒரு நிமிஷம் அமுக்கி எடுத்தால் கடித்ததும் உள்ளிருந்து பாகு வழியும்.

ஒரு எச்சரிக்கை. மாவு பிழிவதற்குப் பல வீடுகளில் பால் பாக்கெட் கவரைக் கழுவி, மூலையில் ஓட்டை போட்டு வைத்துக்கொள்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இந்த மிட்டாய்க்கு மட்டும் வேண்டாம். எண்ணெய் கவரோ தடித்த துணியோ போதும். ஆச்சி வருவதற்கு முந்தின நாளே செய்து வைக்காதீர்கள், நமுத்துப்போகும். அவள் வந்து உட்கார்ந்த பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றி, முதல் தட்டை அவளிடம் நீட்டி, பிள்ளைக்கு அவள் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள்.