கடைசி இருபது வீதம்

பாடசாலைப் பயணம் ஒன்றுக்கான அனுமதிக் கடிதத்தை வீட்டில் நீட்டினால் எந்தப் பெற்றோரும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். கூட வருவது யார்? போன் வேலை செய்யுமா? முதலாவதற்கு ஆசிரியைகளின் பெயர்களைச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் மாணவிகளிடம் ஒழுங்கான பதில் இருப்பதில்லை. “போகும்போது நூறு வீதம் சார்ஜ் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, பஸ் கினிகத்தேனையைத் தாண்டுவதற்குள் பாட்டுக் கேட்டும் வீடியோ எடுத்தும் அதில் பாதியைக் கரைத்துவிடுகிறவர்களே அதிகம். பிறகு மலை உச்சியில் கமராவும் கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக அணைகின்றன. வீட்டில் உம்மாமாரின் நெஞ்சு படபடக்கிறது. அடுத்த பயணத்துக்குக் கையொப்பம் கிடைப்பதில்லை.

மின்சாரம் இல்லாத இடத்தில் ஒரு கமராவையும் ஒரு கைபேசியையும் கடைசி வரை இயங்க வைப்பதை வெளிநாட்டுப் பயணிகளின் வித்தையாகவே பலர் பார்க்கிறார்கள். மலையகத்தில் வாழும் எமக்கும், குறிப்பாக அனுமதி கேட்டு நிற்கும் பெண் பிள்ளைகளுக்கும், அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பயிற்சி என்பது எனது கருத்து.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு வீடுகளையும் பாதைகளையும் மூடியது. நடந்து கொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. மின்சாரம் போனதும் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. ஹற்றனில் எங்கள் வாப்பாவின் கடையில் ஒரு சிறிய ஜெனரேற்றர் இருக்கிறது. அந்த நாட்களில் தோட்டங்களிலிருந்து மழையில் நடந்து வந்தவர்கள் சாமான் கேட்கவில்லை. “மொதலாளி, கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தாங்க, மகன் கொழும்புல, நாங்க உசுரோட இருக்கோம்னு சொல்லணும்” என்றார் ஒரு அம்மா. அவர் கேட்டது ஐந்து வீதம் சார்ஜ்தான். அந்த ஐந்து வீதம் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நாட்கணக்கில் பதறிக் கொண்டிருந்தன.

இது ஒரு முறை மட்டும் வந்த சோதனையுமல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் முழு நாடும் இருண்டது. இவ்வளவுக்கும் இந்த நாட்டின் நீர் மின்சாரம் பிறந்தது எமது மலைகளில்தான். இங்கிருக்கும் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரி, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களைப் பார்த்துக் கொண்டே வளர்ந்த பிள்ளைகள் நாம். ஆனால் மரம் ஒன்று கம்பியில் விழுந்தால் நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் லயன் வீட்டிலும் மெழுகுவர்த்திதான்.

சரி, என்ன செய்யலாம்? கடையில் கேட்டால் பெரிய பவர் பேங்க் ஒன்றைக் காட்டுவார்கள். அதை வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பேங்கின் உள்ளே இருக்கும் கலம் 3.7 வோல்ற்று. இரண்டையும் பெருக்கினால் 37 வாற்று மணி. மாற்றும்போது சூடாகி வீணாவதைக் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 25. நடுத்தரக் கமரா ஒன்றின் பற்றரி சுமார் 14 வாற்று மணி கொள்ளும். இன்றைய கைபேசியின் பற்றரி 19 அளவில் இருக்கும். ஆகவே அந்தப் பவர் பேங்க் ஒரு கமராவை ஒரு முறை நிரப்பி, ஒரு கைபேசியை அரைவாசி நிரப்பும். அவ்வளவுதான். நான்கு தோழிகள் ஒன்றை நம்பிப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம்ப முடியாத விலையில் 50,000 என்று எழுதி விற்கப்படுபவற்றைப் பற்றி வாப்பா சொல்வது, “அந்த எண்ணை எழுதினவன் உள்ளே திறந்து பார்க்கவில்லை.”

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய கமராக்களின் பற்றரியைக் கழற்றிச் சுவர் பிளக்கில் மாட்டும் சார்ஜரில்தான் போட முடியும். பவர் பேங்க் இருந்தும் பயனில்லை. யூஎஸ்பி வயரில் இயங்கும் சார்ஜர் ஒன்றைத் தனியாக வாங்கிக் கொள்ள வேண்டும். அதைவிடச் சுலபமானது, ஒரு மேலதிகப் பற்றரியை வீட்டிலேயே முழுமையாக நிரப்பிக் கொண்டு போவது. ஏற்கெனவே நிரப்பிய பற்றரியில் மாற்றும்போது ஏற்படும் இழப்பு எதுவுமில்லை. அதை நாணயங்களோடும் சாவிகளோடும் பையில் கலந்து போடாமல், முனைகளை மூடி வைத்தால் போதும்.

சூரிய மின் தகட்டைப் பையின் பின்னால் தொங்கவிட்டு நடக்கும் பயணிகளை ஹற்றன் பாதையில் இப்போது காணலாம். பாலைவனத்துக்கு அது பொருத்தம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும் பகுதி. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலையை முகிலால் மூடிவிடும். முகிலுக்குள் தகட்டின் உற்பத்தி மிகச் சிறு பங்காகக் குறையும். நடக்கும்போது தொங்கும் தகடு சூரியனைச் சரியாகப் பார்ப்பதுமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலத்தில் ஓரிடத்தில் இரண்டு மணித்தியாலம் விரித்து வைத்தால் பயன் உண்டு. அப்போதும் தகடு வெயிலில், பவர் பேங்க் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் சூடாகும் லித்தியம் பற்றரியின் ஆயுள் குறையும்.

குளிர் வேறு விதமான எதிரி. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரம். எம்மவர்கள் பாவா ஆதம் மலை என்பார்கள். டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில் மக்கள் இரவில் ஏறி விடியலைப் பார்ப்பார்கள். ஹோட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனியும் விழும். குளிரில் பற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகும். பாதி சார்ஜ் இருந்தும் கமரா “காலி” என்று காட்டி அணைந்துவிடும். அந்தப் பற்றரி சாகவில்லை. அதை எடுத்து உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்தால் சிறிது நேரத்தில் மீண்டும் வேலை செய்யும். எனவே மேலதிகப் பற்றரியின் இடம் முதுகுப் பையல்ல, ஜேக்கற்றின் உட்பை. குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கமராவை ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் நீர் படிவது கமராவிலல்ல, பையின் வெளிப்புறத்தில்.

ஆனால் சுமக்கும் பொருட்களைவிடச் செலவழிக்கும் முறையே முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கமராவில் அதிகம் தின்பது பின்னாலிருக்கும் திரை. ஒவ்வொரு படத்தையும் எடுத்து முடிந்ததும் கூடி நின்று பார்ப்பதை நிறுத்தினாலே பெரிய மிச்சம். வைபை, புளூடூத் இரண்டையும் அணைக்கலாம். வீடியோவைக் குறைக்கலாம். கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழைய வகைக் கமரா ஒரு பற்றரியில் ஆயிரம் படங்கள் வரை எடுக்கும். திரையில் மட்டும் காட்டும் புதிய வகை முந்நூறு, நானூறோடு நின்றுவிடும். புதியதை வைத்திருப்பவருக்கே கூடுதல் கட்டுப்பாடு தேவை. கைபேசியின் கதை வேறு. மலை மறைவில் சிக்னலைத் தேடித் தேடியே அது களைத்துப் போகும். சிக்னல் இல்லாத இடங்களில் விமானப் பயண நிலையில் போட்டுவிட்டு, குறித்த நேரத்தில் மட்டும் திறந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு நாள் தாங்குவது இரண்டு நாள் தாங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வேண்டும். படம் எடுப்பது கமராவின் வேலை, வீடு திரும்புவது கைபேசியின் வேலை. கைபேசியின் கடைசி இருபது வீதத்தைப் படத்துக்கும் பாட்டுக்கும் தொடக்கூடாது. அது உம்மா வாப்பாவுக்குச் சொந்தமானது. கமராவை நிரப்புவதற்காகப் பவர் பேங்கை முடித்துவிட்டுக் கைபேசியைப் பட்டினி போடுவதும் இதே தவறுதான். இரண்டில் ஒன்று அணைய வேண்டி வந்தால் கமராவே அணையட்டும்.

“அப்படியென்றால் கமராவே எதற்கு? கண்ணால் பார்த்துவிட்டு வரலாமே” என்று எங்கள் உம்மம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இப்னு பதூதா 1344இல் அந்த மலையில் ஏறியபோது கமரா ஏது? ஏறுவதற்குக் கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளை அவர் சொல்லி வைத்ததால் எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அறிகிறோம். பார்ப்பதில் அந்தக் கவனம் இல்லாதவருக்குப் பத்துப் பற்றரி கொடுத்தாலும் பயனில்லைதான்.

ஆயினும் படத்துக்கென்று ஒரு பெறுமதி உண்டு. பொகவந்தலாவையில் சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்று. 1875இல் கணவரோடு இலங்கை வந்து 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தவர். அவருடைய கமராவுக்குப் பற்றரி கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும். எதிரே இருப்பவர் நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அதனால் எதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுத்தார். இங்குள்ள உழைப்பாளிகளையும் எடுத்தார். ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் பெயர் எமக்குத் தெரியாது. மலையக மக்களை வெளியார் எடுத்த படங்கள் ஏராளம். கொழுந்துக் கூடையும் சிரிப்பும் தபாலட்டையாக விற்கப்படுகின்றன. எமது ஊரை, எமது அயலவரை, பெயரோடும் அவர்களின் சம்மதத்தோடும் எடுக்க எமது பிள்ளைகளும் போக வேண்டும். அதற்குக் கமரா வேண்டும், அனுமதியும் வேண்டும். அனுமதி கிடைக்கச் சார்ஜ் இருக்க வேண்டும்.

ஒரு நாகரிகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கண்டி ஹந்தானையிலிருந்து தோட்டங்களுக்கூடாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பெகோ நடைபாதை, 22 கட்டங்களாக இப்போது திறந்திருக்கிறது. அதில் நடப்பவர்கள் களைத்ததும் லயன் வீட்டுக் கதவைத் தட்டி, “ஒரு பிளக் கிடைக்குமா?” என்கிறார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் அந்த மக்களுக்கு இல்லை. பணக் கணக்கில் பார்த்தால் ஒரு யுனிற் மின்சாரத்தில் கமரா பற்றரியை அறுபது தடவை நிரப்பலாம், செலவு சதக் கணக்குத்தான். ஆனால் ஒரேயொரு பிளக் இருக்கும் வீட்டில் அதைப் பிடித்துக் கொண்டால், மலையிலிருந்து இறங்கி வரும் அக்காவின் கைபேசியும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை விளக்கும் காத்திருக்க வேண்டும். தேநீர்க் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அங்கே கேட்பது நல்லது. வீட்டில் கேட்டே ஆக வேண்டுமென்றால், “இப்போது உங்களுக்குத் தேவையா அக்கா?” என்பதை முதலில் கேட்க வேண்டும். டித்வா நாட்களில் ஒரு நகரத்தில் கைபேசி ஒன்றைச் சார்ஜ் செய்ய மனம்போன போக்கில் காசு வாங்கிய கடையும் இருந்தது. ஒரு சதமும் வாங்காமல் வரிசையில் போட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மக்கள் இரண்டையும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

எனவே பாடசாலைக்கும் பெற்றோருக்கும் எனது வேண்டுகோள்கள் சில. புவியியல் களப்பயணத்துக்கான அனுமதிக் கடிதத்தோடு ஒரு “சார்ஜ் திட்டமும்” எழுதப்படட்டும். ஐந்து பேருக்கு ஒரு கமரா, ஒரு மேலதிகப் பற்றரி, ஒரு பவர் பேங்க். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கைபேசி மாலை நான்கு மணி வரை அணைத்தே இருக்கட்டும். எத்தனை மணிக்கு வீட்டுக்குச் செய்தி வரும் என்பது முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும். இடையில் அழைத்துப் பற்றரியைத் தீர்க்காமல் பெற்றோரும் அந்த நேரம் வரை பொறுத்துக் கொள்ளட்டும். வீடுகளில் ஒரு பவர் பேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கும் பொறுப்பை வீட்டிலுள்ள பெண் பிள்ளையிடம் கொடுங்கள்.

எங்கள் உம்மா முன்பு சொல்வார், “போன் செத்தா நீ எங்க என்று நாங்க யார்ட்ட கேக்கிற, மகள்?” அதில் பிழை காண எனக்கு மனமில்லை. அந்தக் கேள்விக்கு, “பயப்படாதீங்க உம்மா” என்ற வெறும் சமாதானத்தைவிட, “நாலு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து செய்தி வரும், இருபது வீதம் அதற்கென்றே வைத்திருக்கிறோம்” என்ற பதில் நம்பத் தக்கது. அடுத்த தவணையில் களப்பயணக் கடிதம் வரும்போது, அந்தப் பதிலையும் சேர்த்து எழுதிக் கொண்டு போய்க் கையொப்பம் கேளுங்கள்.