வாடகைத் தூண்டில்

தூண்டில் பிடித்தே அறியாத கனவானும் பெரிய மீனுடன் வீடு திரும்பும்படி செய்யும் தொழில் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக் கரையில் நடைபெறுகிறது. ஏரி என்றவுடன் நேயர்கள் தங்கள் ஊர் ஏரியை நினைத்துவிட வேண்டாம். இதன் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். கேரள ராஜ்யம் முழுவதையும் இதில் அமிழ்த்தினாலும் இடம் மிஞ்சும். அலையும் உண்டு, புயலும் உண்டு; உப்புத்தான் இல்லை!

பொழுது புலருமுன் படகு கிளம்புகிறது. ஸர்க்கார் லைசென்ஸ் பெற்ற தலைவர் ஒருவர், உதவியாள் ஒருவன், வாடகை கொடுத்தவர்கள் சாதாரணமாக ஆறு பேருக்கு மேற்படாமல். கோடையில் ஸால்மன் மீன் குளிர்ந்த நீரை நாடி ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே கனத்த ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். கம்பியில் உள்ள கவ்வியில் தூண்டில் நூலைப் பிணைத்து, படகை மெள்ளச் செலுத்துகிறார்கள். மீன் இரையைப் பற்றியதும் நூல் கவ்வியிலிருந்து விடுபட, வளைந்திருந்த கோல் சடக்கென்று நிமிரும். உடனே கோலைப் பிரயாணியின் கையில் கொடுப்பார்கள். மீனுடன் மல்லாடுவது மட்டும் அவர் பாடு. கரையில் அதை அறுத்துச் சுத்தம் செய்து பையிலிட்டுக் கொடுத்து, உதவியாள் இனாம் பெறுவான்.

ஆனால் அந்த ஸால்மன் அந்த ஏரியின் மீனே அல்ல. நயாகரா அருவியைச் சுற்றிக் கப்பல் செல்ல 1829-ல் திறந்த கால்வாய் வழியே, இரத்தம் உறிஞ்சும் லாம்ப்ரே என்னும் பிராணி மேல் ஏரிகளுக்குள் புகுந்தது. மிச்சிகன் ஏரியின் பெரிய ட்ரௌட் மீன்கள் 1950-களில் அநேகமாக அழிந்தன. தின்பாரில்லாமையால், கடலிலிருந்து வந்த ஏல்வைஃப் என்னும் சிறுமீன் பல்கிப் பெருகி, 1967-ல் கரையெங்கும் செத்து ஒதுங்கி நாறியது. இதற்கு முந்திய ஆண்டிலேயே, ஹோவர்ட் டானர் என்ற நிபுணரின் யோசனைப்படி, பஸிபிக் கரையின் ஸால்மன் குஞ்சுகளை மிச்சிகன் ராஜ்ய ஸர்க்கார் நதிகளில் விட்டிருந்தனர். அவை சிறுமீனைத் தின்று கொழுத்தன. வாடகைப் படகுகளும் கொழித்தன.

விளையாட்டுக்கு மீன் பிடிப்பவரைப் போற்றிய ஸர்க்கார், வலை போட்டுப் பிழைப்பவரை நெருக்கினர். அப்படி நெருக்குண்டவர்களில் ஒட்டாவா, சிப்பேவா என்னும் பூர்வ குடிகளும் இருந்தனர். 1836-ல் இவர்களுடைய முன்னோர், இன்றைய மிச்சிகன் ராஜ்யத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலத்தை உடன்படிக்கை மூலம் விட்டுக் கொடுத்தார்கள். மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை. இருந்தும் பேரப் பிள்ளைகள் வலை வீசியதற்காகக் கைதானார்கள். சொந்தக் கடற்கரையில் உப்பு அள்ளியதற்காக 1930-ல் சிறை சென்ற தேசத்தாருக்கு இந்த வழக்கை விளக்கிச் சொல்ல வேண்டுமா? 1979-ல் நீதிபதி நோயல் ஃபாக்ஸ், உடன்படிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தார். தூண்டில்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு 1985, 2000, 2023 ஆகிய ஆண்டுகளின் ஏற்பாடுகளால் இரு தரப்பாருக்கும் நீர் பங்கிடப்பட்டது.

பங்கீடு ஒருபுறமிருக்க, க்வாகா என்னும் சின்னஞ்சிறு சிப்பி, கப்பல்களின் நிலைச்சரக்கு நீரோடு அன்னிய தேசத்திலிருந்து வந்து ஏரியின் அடியெல்லாம் பரவிவிட்டது. நீரிலுள்ள நுண்ணுயிர்களை அது வடிகட்டித் தின்றுவிடுவதால், ஏல்வைஃப் மீனுக்கு ஆகாரமில்லை. பக்கத்து ஹூரான் ஏரியில் 2004-ஐ ஒட்டி ஏல்வைஃப் அற்றுப்போக, அதை நம்பியிருந்த பெரிய ஸால்மன் வேட்டையும் அங்கே படுத்துவிட்டது. மிச்சிகன் ஏரியிலோ, ஒரு காலத்தில் தொல்லையென்று ஒழிக்க நினைத்த சிறுமீனைக் காப்பாற்றுவதற்காக ஸால்மன் குஞ்சு விடுவதைக் குறைக்க நேர்ந்தது. பூர்வ குடிகளின் வலைக்கு ஆதாரமான வெள்ளை மீனின் குஞ்சுகளும் அதே பட்டினியால் மடிகின்றன. அவர்களில் சிலர் இப்போது குளங்களில் அக் குஞ்சுகளை வளர்த்து, சற்றுத் தேறிய பின் ஏரியில் கொண்டு போய் விடுகிறார்கள்.